கிட் படிப்பிக்கும் வீடியோவும் பாண் ஓட்டோவும்

மென்பொருள் படிப்பிக்கும் வீடியோக்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று நிரல்மொழியைச் சொல்லிக்கொடுப்பது: பைதனில் லூப் எழுதுவது எப்படி, ஜாவாவில் கிளாஸ் என்றால் என்ன. மற்றது கருவிகளைச் சொல்லிக்கொடுப்பது: கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து ஒன்று சேர்ப்பது), டெர்மினல், விஎஸ் கோட், டிபக்கர். முதல் வகை தமிழில் தேடினால் கொட்டும். இரண்டாவது வகைக்குத்தான் ஆள் குறைவு.

யாழ்ப்பாணத்தில் இந்தக் குறை நன்றாகவே உறைக்கும். உயர்தரத்தில் ஐசிடி பாடம் தமிழ் மொழிமூலம் இருக்கிறது. பைதன், எஸ்கியூஎல், எச்டிஎம்எல், பிஎச்பி எல்லாம் அதற்குள் வருகின்றன. அதே பிள்ளை கம்பஸுக்குப் போனால் கணினி விஞ்ஞானம் ஆங்கிலத்தில் தொடங்கும். அல்கோரிதம், டேட்டாபேஸ், நெட்வேர்க் என்று பாடம் ஓடும். ஆனால் இரண்டு பேர் ஒரே ப்ராஜெக்டில் வேலை செய்யும்போது கோட் எப்படி ஒன்று சேர்கிறது? டெர்மினல் சிவப்பாகக் கத்தினால் எந்த வரியை முதலில் வாசிப்பது? இதையெல்லாம் யாராவது ஒரு சீனியர் பக்கத்துக் கதிரையில் இருந்து காட்டினால்தான் உண்டு.

(சீனியருக்குப் பரீட்சை என்றால் அதுவும் இல்லை.)

2012 முதல் யாழ் ஐடி ஹப் நடத்திவரும் யாழ் கீக் சலேஞ்ச் மாதிரிப் போட்டிகளுக்கு அணியாகச் சேர்ந்து வேலை செய்யும்போது இந்த ஓட்டை வெளியில் தெரியும். கோட் எழுதத் தெரிந்த நாலு பேர் இருப்பார்கள். கடைசி இரவு ஒருவருடைய வேலைக்கு மேலே மற்றவருடைய வேலை ஏறிப் படுத்துவிடும்.

உலகத்தில் மற்றவர்கள் இதைக் கடந்துவிட்டார்கள் என்றும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் 2020 ஜனவரியில் மூன்று ஆய்வு மாணவர்கள் சேர்ந்து 'த மிஸ்ஸிங் செமெஸ்டர்' என்று 11 விரிவுரைகள் நடத்தி, வீடியோக்களை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஷெல், விம், கிட், டிபக்கிங் எல்லாம் அதில் உண்டு. பட்டப்படிப்பில் ஒருவரும் முறையாகப் படிப்பிக்காத பாடங்கள் என்பதுதான் அந்தத் தலைப்பின் நியாயம். எம்ஐடிக்கே அந்த நிலைமை என்றால் திருநெல்வேலிச் சந்தியில் இருக்கிற பெடியள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆக, கருவிப் பாட வீடியோ என்பது பக்கத்துக் கதிரைச் சீனியருக்குப் பதில் ஆள். அதைப் பார்ப்பவர் பின்னால் சாய்ந்திருந்து பார்ப்பதில்லை. போனில் வீடியோ ஓடும், மடிக்கணினியில் கை ஓடும். ஐந்து செக்கனுக்கு ஒருதரம் நிற்பாட்டுவார், திருப்பி ஓட்டுவார். இந்த நிற்பாட்டும் விரலை மனதில் வைத்துச் செய்த வீடியோ நல்ல வீடியோ. மற்றதெல்லாம் படம் காட்டுவது.

இதை ஒழுங்காக யோசித்துச் செய்தவர்கள் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தினர். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், இந்திய அரசின் உதவியோடு நடந்த திட்டம் அது. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், பைதன் என்று கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய சிறிய வீடியோக்கள். ஒன்று ஏறக்குறைய பத்து நிமிடம். திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறுபாதியில் அதே மென்பொருள், பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியது. திரைக்காட்சி அப்படியே இருக்கக் குரலை மட்டும் மாற்றித் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வெளியிட்டார்கள். இணையம் உள்ள எவருக்கும் அவை கிடைக்கும். பருத்தித்துறையில் இருந்து பார்க்கவும் தடை இல்லை.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு பழக்கம். ஒன்று, எழுத்துப் பிரதி. கொப்பியில் நடுவே ஒரு கோடு இழுத்தால் போதும். இடப்பக்கம் திரையில் என்ன நடக்கிறது, வலப்பக்கம் வாய் என்ன சொல்கிறது. இடப்பக்கம் காலியாக இருந்து வலப்பக்கம் பந்தி பந்தியாக நீண்டால் அந்த இடத்தில் பார்ப்பவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்று அர்த்தம். வெட்டிவிடலாம். மற்றது, பதிவுக்கு முன்பே அந்தப் பிரதியை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்வது. அவர் எங்கே முழிக்கிறாரோ அங்கே ஒரு படி விடுபட்டிருக்கும். (வீட்டில் ஏஎல் படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருந்தால் இந்தப் பதவிக்கு உகந்தவர். சம்பளம் ஒரு ரோல்ஸ்.)

நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 2014இல் பிலிப் குவோவும் கூட்டாளிகளும் எட்எக்ஸ் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர் அதில் தங்கும் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மணித்தியால 'முழு கிட் பாடம்' பதிவு செய்பவர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிட்டை ஆறு ஆறு நிமிடமாக வெட்டினால் பார்ப்பவருக்கும் லாபம், பின்னால் ஒரு துண்டு பழுதானால் அதை மட்டும் மாற்றவும் வசதி.

அடுத்தது கணினியை ஆயத்தம் பண்ணுவது. பதிவுக்கென்று கணினியில் தனியாக ஒரு பயனர் கணக்குத் திறப்பது மிகப் பெரிய தலையிடியைத் தவிர்க்கும். வட்ஸ்அப் செய்தி பொப்பென்று மேலே வராது. பிரவுசரில் ஒரு எழுத்துத் தட்டியதும் பழைய தேடல் எல்லாம் வரிசையில் வந்து நிற்காது. முக்கியமாக, ஏபிஐ சாவியும் கடவுச்சொல்லும் திரையில் தெரியாது. கிட்ஹப்பில் பொதுவில் போட்ட கோடில் சாவி இருந்தால் எச்சரிக்க ஏற்பாடு இருக்கிறது. யூடியூப் வீடியோவுக்குள் அரைச் செக்கன் தெரிந்த சாவியை அப்படி எச்சரிக்க யாரும் இல்லை. பார்ப்பவர் நிற்பாட்டிப் பார்ப்பார் என்பது இங்கேயும் பொருந்தும்.

எழுத்தின் அளவு அடுத்தது. வீடியோ செய்பவர் பெரிய மொனிட்டரில் செய்கிறார்; பார்ப்பவர் உள்ளங்கையில் பார்க்கிறார். டேட்டாவை மிச்சம் பிடிக்க 480இல் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஆகவே எடிட்டரில் எழுத்தை 22, 24 என்று கூட்டி, பக்கப் பட்டியலை மூடி, டெர்மினலில் தொடக்கச் சொற்றொடரைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். கணினியின் பெயர், பயனர் பெயர், கோப்புறையின் முழு முகவரி என்று பாதி வரியை அதுவே தின்றால் கட்டளை அடுத்த வரிக்கு உடைந்து போகும். சோதனை சுலபம்: அரை நிமிடம் பதிவுசெய்து, போனில் 480இல் ஓட்டி, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பது. புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் வித்தியாசம் தெரிந்தால் சரி.

எந்த விசை அழுத்தப்படுகிறது என்பதையும் காட்ட வேண்டும். விஎஸ் கோடில் இதற்கென்றே 'ஸ்கிரீன்காஸ்ட் மோட்' உள்ளே இருக்கிறது. லினக்ஸில் ஸ்கிரீன்கீ, மக்கில் கீகாஸ்டர். விண்டோஸில் ஒரு மூலையைப் பெரிதாக்கிக் காட்ட சூமிட். எல்லாம் இலவசம். இவை இல்லாமல் குறுக்குவிசை பாவிக்கிற வீடியோ, பார்ப்பவருக்கு மந்திரவாதி தொப்பியில் இருந்து முயல் எடுக்கிற மாதிரித்தான்.

தமிழில் படிப்பிப்பவருக்கு மட்டும் வருகிற ஒரு சில்லெடுப்பும் உண்டு. உதாரணக் கோப்புக்கு ஆசையாகத் தமிழில் பெயர் வைத்து 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாய்கோடும் 340, 256 என்ற எண்களுமாக ஒரு நீளச் சங்கிலி வரும். கோப்புக்கு ஒன்றும் நடக்கவில்லை. தமிழ் எழுத்தின் பைட்டுகளை எட்டின் அடியெண்ணில் எழுதிக் காட்டுவது கிட்டின் இயல்பு நடத்தை. அமைப்பில் 'கோர் குவோட்பாத்' என்பதை 'ஃபோல்ஸ்' ஆக்கினால் பெயர் ஒழுங்காகத் தெரியும். ஆனாலும் சில டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்குப் போடும் இடத்தில் தமிழ் உயிர்மெய் அடங்குவதில்லை. கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலும் உள்ளடக்கத்தைத் தமிழிலும் வைப்பதே பதிவுக்குத் தோதான ஏற்பாடு.

இனிச் சத்தம். யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலின் உண்மையான எதிரி இதுதான்.

படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுப்பார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தால் உடனே போய்விடுவார். சீமெந்துச் சுவர், சீமெந்து நிலம், உயரமான கூரை என்று கட்டிய வீடுகளில் எதிரொலிக்குக் குறைவில்லை. காசு செலவழிக்காத வைத்தியம்: சின்ன அறை, திறந்த அலுமாரி, அதில் தொங்குகிற சேலைகள், சுவரில் சாய்த்த மெத்தை. துணி சத்தத்தைக் குடிக்கும். மைக் வாங்குவதென்றால் அறை முழுவதையும் கேட்கிற கொண்டென்சர் மைக்கைவிட, வாய்க்குக் கிட்ட வைத்துப் பேசுகிற டைனமிக் மைக் இங்கே புத்திசாலித்தனம். இரண்டும் இல்லையென்றால் போனோடு வந்த இயர்போனின் மைக்கே போதும். மடிக்கணினிக்குள் இருக்கிற மைக் மட்டும் வேண்டாம். அது விசைப்பலகையின் தடதடப்பை முதலில் கேட்டுவிட்டுத்தான் குரலைக் கேட்கும்.

மின்விசிறியை நிற்பாட்டினால் வியர்க்கும், விட்டால் இரையும். (சித்திரை வெயிலில் இது அறம் சார்ந்த கேள்வி.) தொடர்ந்து ஒரே மாதிரி வருகிற இரைச்சலை ஓடாசிட்டி நீக்கித் தரும். அதற்குப் பேச்சில்லாத சில செக்கன்களை மாதிரியாகக் கொடுக்க வேண்டும், ஆகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கொஞ்ச நேரம் வாய்மூடி இருப்பது நல்லது. காகம், கோழி, ஐப்பசி கார்த்திகை மழை தகரத்தில் விழுகிற சத்தம் எல்லாம் இந்த வடிகட்டிக்குள் அகப்படாது. அவை ஓய்ந்த பிறகு திருப்பிப் பேசுவதுதான் வழி.

பிறகு பாண் ஓட்டோ. சந்திக்கு வரும்போதே பீத்தோவனின் 'ஃபர் எலிஸ்' கேட்கும். பீத்தோவன் வந்து உரிமை கோரப்போவதில்லை. கோயில் ஒலிபெருக்கியில் போகிற பாட்டு அப்படியல்ல. யூடியூப்பின் தானியங்கிக் கண்காணிப்பு பின்னணியில் மெல்லக் கேட்கிற பாட்டையும் கண்டுபிடிக்கும். டிபக்கர் பாடத்துக்கு வருகிற விளம்பரக் காசு பாட்டுக் கம்பனிக்குப் போகலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அயலில் இருப்பவர்கள் எழுத்துப் பிரதி தயாரிக்கும் வேலையைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் விடியப்புறம்தான் பதிவுக்கு நேரம். அதுவும் ஊர்க்கோயில் மணி அடிக்கும் முன்.

சத்தத்துக்கு அடுத்த எதிரி கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு துணை மின்நிலையத்துக்குள் புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியது. இப்போது அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் சொல்லாமல் போகும். மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கிறது. மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வேண்டும் (அது கத்துகிற 'பீப்'பும் பதிவாகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்).

இங்கேதான் கோப்பு வகை முக்கியமாகிறது. திரையைப் பதிவுசெய்யப் பெரும்பாலானோர் பாவிப்பது ஓபிஎஸ் ஸ்டூடியோ. இலவசம், விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதில் எம்பி4 ஆகவும் பதியலாம், எம்கேவி ஆகவும் பதியலாம். சாதாரண எம்பி4 கோப்பு, எந்தச் செக்கனின் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பதிவு முடிகிற நேரத்தில்தான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் அட்டவணை இல்லை. உள்ளே படம் இருந்தும் கோப்பு திறக்காது. எம்கேவி அப்படியில்லை. கரண்ட் போன செக்கன்வரை பதிந்தது மிஞ்சும். பதிவு முடிந்தபின் ஓபிஎஸ்ஸின் 'ஃபைல்' பட்டியலில் இருக்கும் 'ரீமக்ஸ்' மூலம் எம்பி4 ஆக மாற்றலாம். தரம் குறையாது, நேரமும் அதிகம் எடுக்காது. புதிய ஓபிஎஸ் பதிப்புகளில் வெட்டுத் தாங்குகிற கலப்பு எம்பி4உம் வந்துவிட்டது. எதுவானாலும் பழைய சாதாரண எம்பி4 யாழ்ப்பாணத்துக்குச் சரிவராது.

இனிப் பதிவு. கருவிப் பாடத்தில் பிழை வருவதைக் காட்டுவதுதான் பாடம். எல்லாம் முதல்தரமே சரியாக ஓடுகிற வீடியோ, பார்ப்பவருடைய கணினியில் பிழை வந்த நிமிடமே அவரைக் கைவிட்டுவிடும்.

கிட்டில் மேர்ஜ் கொன்ஃப்ளிக்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பில் பஸ் நேரம் எழுதியிருக்கிறது. ஒருவர் தன் பிராஞ்சில் கீரிமலை பஸ்ஸை காலை 6.15 என்று திருத்துகிறார்; மற்றவர் அதே வரியை 6.30 ஆக்குகிறார். மேர்ஜ் பண்ணினால் கிட் எதையும் தீர்மானிக்காமல் இரண்டையும் கோப்புக்குள் வைத்துவிடும். மேலே இடப்பக்கம் பார்க்கும் ஏழு அம்புமுனைகள், பிறகு 6.15, நடுவில் ஏழு சமன் குறிகள், பிறகு 6.30, கீழே வலப்பக்கம் பார்க்கும் ஏழு அம்புமுனைகள். முதல்தரம் பார்ப்பவருக்குக் கோப்பு உடைந்துபோன மாதிரித்தான் தெரியும்.

இந்த இடத்தில் வீடியோ மெதுவாக வேண்டும். மவுஸ் அசையக் கூடாது. 'சமன் குறிக்கு மேல இருக்கிறது எங்கட வரி, கீழ இருக்கிறது மற்ற பிராஞ்சில இருந்து வந்த வரி. எது சரி எண்டு கிட்டுக்குத் தெரியாது, பஸ்ஸில போறவருக்குத்தான் தெரியும். சரியானதை விட்டுட்டு மற்றதையும் குறியளையும் அழியுங்கோ' என்று சொல்லிவிட்டு, அழித்து, சேமித்து, 'அட்' கொடுத்து, 'கமிட்' பண்ணிக் காட்ட வேண்டும். பிறகு 'லொக்'கைத் திறந்து இரண்டு கிளைக்கோடும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தைக் காட்டினால் பாடம் முடிந்தது. இதற்கு ஆறு நிமிடம் தாராளம்.

பேச்சு இப்படித்தான் இருக்க வேண்டும். மெனுவில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே சொல்வது; விளக்கத்தை வீட்டில் கதைக்கிற தமிழில் சொல்வது. மைக்கைக் கண்டதும் சென்னை சினிமாத் தமிழுக்குத் தாவுவதும், செய்தி வாசிக்கிற குரல் எடுப்பதும் தேவையில்லாத வேலை. பக்கத்துக் கதிரைச் சீனியர் அப்படிக் கதைப்பதில்லை.

எடிட்டிங்கில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பொதி இறங்குகிற நேரம், 'அது வந்து...' என்று இழுக்கிற இடம், தட்டச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றை வெட்டலாம். கட்டளை கொடுத்ததற்கும் விடை வந்ததற்கும் இடையில் ஒரு செக்கனை விட்டுவைக்க வேண்டும். நிற்பாட்டுகிற விரலுக்கு அந்த இடம் வேண்டும். அறிமுக இசை, சுழல்கிற லோகோ, 'சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ' மணி எல்லாம் ஆறு நிமிடப் பாடத்தில் அரை நிமிடத்தை விழுங்கும்.

ஏற்றும்போது கட்டளைகளை எல்லாம் விளக்கக் குறிப்பில் எழுத்தாகவும் போட வேண்டும். வீடியோவில் இருந்து கட்டளையைப் பிரதி எடுக்க முடியாது. ஒரு சிறுகோடு விட்டுத் தட்டினாலும் ஓடாது. ப்ராஜெக்ட் கோட் ஒவ்வொரு படிக்கும் ஒரு கமிட்டாகக் கிட்ஹப்பில் இருந்தால் பார்ப்பவர் தான் நிற்கிற படியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். டெர்மினல் மட்டும் சம்பந்தப்பட்ட பாடத்துக்கு வீடியோவே தேவையில்லை. ஆஸ்கினேமா என்ற கருவி டெர்மினலைப் படமாக இல்லாமல் எழுத்தாகப் பதிகிறது. கோப்பு மிகச் சிறிது, எழுத்து எந்தத் திரையிலும் கூர்மை, நிற்பாட்டிய இடத்தில் கட்டளையைப் பிரதி எடுக்கவும் முடியும். டேட்டா எண்ணிச் செலவழிப்பவருக்கு அது பெரிய உபகாரம்.

கடைசியாக ஒன்று. கருவிப் பாடம் கெட்டுப்போகும். 2021 ஆகஸ்ட் 13க்குப் பிறகு கிட்ஹப் கடவுச்சொல் கொடுத்துப் புஷ் பண்ண விடுவதில்லை. அதற்கு முந்திய வீடியோவைப் பார்த்துச் செய்பவர் சரியான கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பார். 2020 ஒக்டோபரில் இருந்து கிட்ஹப்பின் புதிய களஞ்சியங்களில் முதன்மை பிராஞ்சின் பெயர் 'மாஸ்டர்' இல்லை, 'மெயின்'. அட்டம் எடிட்டரை 2022 டிசம்பரில் மூடிவிட்டார்கள். புதிய டெபியனிலும் உபுண்டுவிலும் பழைய வீடியோவில் சொன்னபடி, பைதன் பொதி இறக்கும் பிப் கட்டளையைக் கொடுத்தால், தனிச் சூழல் உருவாக்கிவிட்டு வா என்று திருப்பி அனுப்பும். ஏற்றிய வீடியோவில் யூடியூப் வெட்ட விடும். புதிதாக ஒரு காட்சி செருக விடாது.

ஆகவே தலைப்பிலேயே ஆண்டும் பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும். பழசானதை அழிக்காமல், முதல் கருத்தாகப் புதிய துண்டின் இணைப்பைப் பொருத்திவைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருதரம் எல்லாத் துண்டையும் புதிய கணினியில் செய்து பார்த்து, ஓடாததை மட்டும் திருப்பிப் பதிய வேண்டும்.

கருவிப் பாடத்துக்கு முகம் தேவையில்லை, கெமரா தேவையில்லை, வளைய லைட்டும் தேவையில்லை. கிட் தெரிந்த ஆட்கள் யாழ்ப்பாணத்தில் தாராளமாக இருக்கிறார்கள். போன கிழமை ஜூனியர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று கேட்ட சந்தேகம் எதுவோ, அதையே முதல் வீடியோவாகப் பதியுங்கோ. எம்கேவியில்.